நடுவயதுப் பூனையும் அதன் வயிறும்: சிங்கப்பூர்வாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் பூனை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. லிஃப்டில் பார்த்தாலும் ஈரச்சந்தையில் பார்த்தாலும் என்னிடம் வருவது ஒரே சந்தேகம்தான். இத்தனை வருஷம் எதைப் போட்டாலும் தின்று செரித்த பூனை இப்போது கக்குகிறது, கழிகிறது, என்ன தீனி மாற்றலாம்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. வயிறு சரியில்லாத ஒரு பூனையோடு பல காலமாகக் குடித்தனம் நடத்துகிற ஆள், அவ்வளவுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

“பூனைக்கு எத்தனை வயசானா நடுவயசுன்னு கணக்கு?”

பூனை மருத்துவத்தில் பொதுவாக 7 முதல் 10 வயது வரை முதிர்ந்த பருவம், அதற்குமேல் முதுமை. வெளியே பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும், ஓட்டம் குறையும், பழைய அளவே தின்றாலும் தொப்பை போடும். சிறுநீரகம், கணையம், தைராய்டு இவற்றின் தொல்லைகள் தலைகாட்ட ஆரம்பிப்பதும் ஏறக்குறைய இந்த வயதில்தான். அதனால் 2 வயதுப் பூனை கக்கும்போது காட்டும் தாராளத்தை 9 வயதுப் பூனையிடம் காட்டக்கூடாது. புளோக் அடியிலிருந்து தூக்கி வந்த பூனை, வயதே தெரியாது என்றால் மருத்துவரைக் கேளுங்கள், பல்லையும் கண்ணையும் பார்த்துத் தோராயமாகச் சொல்வார்.

“நேத்து வரைக்கும் இதே சாப்பாட்டத்தானே தின்னுச்சு? திடீர்னு எப்படி ஒத்துக்காம போகும்?”

போகும். உணவு ஒவ்வாமை என்பது புதிதாகத் தின்ற ஒன்றால்தான் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கதை தலைகீழ். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தின்றுகொண்டிருந்த புரதத்தின் மேல்தான் உடம்பு ஒரு நாள் எதிர்ப்புக் காட்ட ஆரம்பிக்கும். பூனைகளில் அதிகம் மாட்டுவது மாட்டிறைச்சி, மீன், கோழி. அதாவது கடையில் கிடைக்கும் முக்கால்வாசி தீனி.

ஒவ்வாமை தவிர வேறு காரணங்களும் உண்டு. தயாரிப்பாளர் சத்தமில்லாமல் சேர்மானத்தை மாற்றியிருக்கலாம், பாக்கெட் திறந்து நாளாகிக் கொழுப்பு கெட்டுப்போயிருக்கலாம், அல்லது சாப்பாட்டில் குற்றமே இல்லாமல் உள்ளே வேறு நோய் தொடங்கியிருக்கலாம். ஆகவே “தீனிதான் காரணம்” என்று முதல் நாளே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

“பூனைன்னா வாந்தி எடுக்கத்தான் செய்யும். அதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட ஓடணுமா?”

எப்போதாவது ஒரு முடி உருண்டை கக்கினால் ஓட வேண்டாம். வாரம் தவறாமல் கக்குகிறது என்றால் அது “பூனை சுபாவம்” இல்லை, அப்படிச் சொல்லியே பல வீடுகளில் நோயை வளர விடுகிறோம். வாந்தியோ கழிச்சலோ விட்டு விட்டு மூன்று வாரத்துக்குமேல் நீடித்தால் நாள்பட்டது என்று கணக்கு. ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் செய்யாமல் தீனியை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

அன்றைக்கே போக வேண்டியவை வேறு. ஒரே நாளில் பலமுறை வாந்தி, ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், ஒரு நாள் முழுக்கத் தீனி தொடாமல் இருப்பது, சுருண்டு மறைந்துகொள்வது, ஈறு ஒட்டும்படி காய்ந்து போவது. இன்னும் இரண்டு நம் வீடுகளுக்கே உரியவை. சாமி படத்துக்குப் போட்ட மல்லிகைச் சரத்தின் நூலைப் பூனை விழுங்கிவிடும். அந்த நூல் குடலைச் சுருக்கி அறுத்துவிடக்கூடும். வாயிலோ பின்பக்கமோ நூல் நுனி தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்னொன்று லில்லிப் பூ. சீனப் புத்தாண்டுக்கு யாராவது பூங்கொத்தாகக் கொடுப்பார்கள். இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனையின் சிறுநீரகத்தை அழிக்கும், முதல் அறிகுறி வெறும் வாந்திதான். நள்ளிரவு என்றாலும் பரவாயில்லை, 24 மணி நேர விலங்கு மருத்துவமனைகள் இங்கே இருக்கின்றன.

துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பாகத்தான் இருக்கும். ஆனால் “ஏதோ பழுப்பா இருந்துச்சு டாக்டர்” என்று சொல்வதைவிட அந்தப் போட்டோ ஆயிரம் மடங்கு உதவும்.

“தின்ன வேகத்துல முழுசு முழுசா அப்படியே வெளிய வந்துடுது, இது வாந்தியா?”

வயிற்றைக் குலுக்கி, ஓங்கரித்து, அரைகுறையாகச் செரித்தது வந்தால் வாந்தி. தின்ற சில நிமிஷங்களில், எந்தப் போராட்டமும் இல்லாமல், உருளை வடிவில், உருண்டைகள் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி வந்தால் அது எதுக்களிப்பு, அவசரமாக அள்ளிக்கொட்டியதன் விளைவு. இதற்குத் தீனி மாற்றத் தேவையில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும்.

இதற்கென்று விற்கும் கிண்ணம் வாங்கலாம். நான் பழைய இட்லித் தட்டைத்தான் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு குழியிலும் ஆறேழு உருண்டை போட்டால் என் பூனை முத்து ஒரு குழியை முடித்து, தலையைத் தூக்கி, என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்து, அடுத்த குழிக்குப் போவான். ஈரத் தீனியானால் குழியில் அழுத்தித் தடவிவிடுங்கள், நக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் அளவை நாலைந்து வேளையாகப் பிரித்து வைப்பதும் முக்கியம். இத்தனை செய்தும் எதுக்களிப்பு தொடர்ந்தால் உணவுக்குழாயில் பிரச்சினை இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

“காலைல எழுந்ததும் மஞ்சளா நுரை நுரையா கக்குது, ஆனா அப்புறம் நல்லாத் தின்னுது”

இரவு எட்டு மணிக்குக் கடைசி வேளை, காலை ஏழுக்குத்தான் அடுத்தது என்றால் பல மணி நேரம் வயிறு காலி. பித்தநீர் ஏறி வந்து உறுத்துவதால் அப்படி ஆகலாம். படுக்கப் போகுமுன் ஒரு சின்ன வேளை கொடுத்துப் பாருங்கள். நேரம் குறித்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் வைத்து விடியற்காலையில் கொஞ்சம் விழ வைத்தால் உங்கள் தூக்கமும் கெடாது. ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் மூன்றாவது கேள்வியில் சொன்ன வழிதான்.

“பால் குடுக்கலாமா அக்கா? தயிர்? குட்டியா இருந்தப்ப குடிச்சுதே”

குட்டியாக இருந்தபோது குடித்தது சரி. தாய்ப்பால் மறந்தபின் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் நொதி பெரும்பாலான பூனைகளுக்குக் குறைந்துவிடும், செரிக்காத சர்க்கரை குடலில் நீரை இழுத்து கழிச்சலில் முடியும். ஆசையாகக் குடிப்பது செரிக்கும் என்பதற்கு அத்தாட்சி இல்லை. தயிரில் அந்தச் சர்க்கரை குறைவு, ஒரு நக்கு நக்கினால் ஒன்றும் ஆகாது, ஆனால் “நல்ல கிருமி” வேண்டும் என்பதற்காகத் தயிர் கொடுப்பது தேவையற்றது. பூனைகளுக்கென்றே தயாரித்த புரோபயாட்டிக் தூள் கிடைக்கிறது, ஃபோர்ட்டிஃப்ளோரா மாதிரி, தீனி மேல் தூவிவிட்டால் போதும். மாயமருந்தாக நினைக்காமல் சின்ன உதவியாக நினைத்துக்கொள்ளுங்கள்.

“கழிச்சல்னா ஒரு நாள் பட்டினி போட்டா சரியாயிடும்னு அம்மா சொல்றாங்களே?”

மனிதர்களுக்கு அம்மா சொல்வது சரியாக இருக்கலாம். பூனையைப் பட்டினி போடாதீர்கள், அதிலும் குண்டுப் பூனையை. சாப்பாடு நின்றால் உடம்பிலிருக்கும் கொழுப்பு மளமளவென்று கரைந்து கல்லீரலில் போய் அடைந்துகொள்ளும். இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கழிச்சல் உள்ள பூனைக்கும் எளிதில் செரிக்கும் தீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இதனால்தான் “பசிச்சா தானா தின்னும்” என்று புதுத் தீனியை வைத்துவிட்டுப் பிடிவாதமாகக் காத்திருப்பதும் ஆபத்து. பிடிவாதத்தில் பூனையை ஜெயித்த மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை.

“தீனி மாத்தறதுன்னா எப்படி மாத்தணும்? பழைய பாக்கெட் முடிஞ்சதும் புதுசு பிரிச்சுடலாமா?”

வேண்டாம். சாதாரணப் பூனைக்கே 7 முதல் 10 நாள் எடுத்து மாற்ற வேண்டும். முதல் மூன்று நாள் கால் பங்கு புதுசு, முக்கால் பங்கு பழசு. அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் முக்கால் பங்கு புதுசு. பிறகு முழுக்கப் புதுசு. வயிறு கெட்ட பூனைக்கு இதையே இரண்டு, மூன்று வாரமாக இழுக்கலாம், ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்தாலும் தப்பில்லை. நடுவில் மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி அங்கேயே நாலு நாள் நில்லுங்கள், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மருத்துவர் “இன்றே மாற்று” என்று சொல்லிக் கொடுத்த சிகிச்சைத் தீனி மட்டும் விதிவிலக்கு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.

இந்த நாட்களில் வேறு எதையும் மாற்றாதீர்கள். புது மணல், புது ஸ்நாக், புது விட்டமின் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் இறக்கிவிட்டு எது ஒத்துக்கொண்டது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. மூன்று நாளைக்கு ஒரு பிராண்டு மாற்றுபவர்களிடம்தான் எனக்கு ஓயாத சண்டை. ஷோப்பியில் தள்ளுபடி போட்டார்கள் என்று வாங்குவது, இரண்டு நாள் போடுவது, கழிச்சல் என்றதும் தூக்கிப்போட்டு அடுத்தது. அந்தப் பூனையின் குடலுக்கு எந்தத் தீனியோடும் பழக நேரமே கிடைப்பதில்லை. பாதிப் பேர் வீட்டில் பிரச்சினை தீனியில் இல்லை, இந்த மாற்றலில்தான் இருக்கிறது.

மளிகைக்கடையில் இனாமாகக் கொடுக்கும் மாதக் காலண்டரை மணல் பெட்டிக்கு மேலே மாட்டி, பக்கத்தில் ஒரு பேனாவைக் கட்டித் தொங்கவிடுங்கள். கட்டி, இளகல், தண்ணீர், வாந்தி, அன்றைக்கு என்ன தின்றது, இவ்வளவு எழுதினால் போதும். மணலை அள்ளுவது யாரோ அவரே எழுத வேண்டும், பணிப்பெண் என்றால் அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதட்டும்.

“டின் மேல சால்மன்னு படம் போட்டிருக்கு, பின்னால படிச்சா டூனா, கோழின்னு இருக்கு. எதப் பாத்து வாங்கறது?”

முன்பக்கம் விளம்பரம், பின்பக்கம்தான் சரக்கு. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வரும். “சால்மன்” என்று விற்கும் டின்னில் டூனாவோ கோழியோ முதலிடத்திலும் சால்மன் நாலாவது இடத்திலும் இருப்பது சகஜம். கோழி ஒத்துக்கொள்ளாத பூனைக்கு இந்த விஷயம் தெரியாமல்தான் பலர் மாதக்கணக்கில் கோழியையே ஊட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோழிக் கொழுப்பு, கோழி ஈரல், கோழி வடிசாறு எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்து பார்க்க வேண்டியது, அது முழு உணவா துணை உணவா என்பது. இங்கே கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் சின்ன டின்களில், முக்கியமாக வெள்ளை வெளேரென்று மீன் துண்டு ஜெல்லியில் மிதக்கிறவற்றில், பல துணை உணவுதான். பொடி எழுத்தில் போட்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கும், வாசனைக்குப் பூனை பறந்து வரும், ஆனால் அதை மட்டுமே தினமும் கொடுத்தால் சத்துக் குறைபாடு வரும். முழுமையான, சமச்சீரான உணவு என்று எழுதியிருப்பதைத்தான் தினசரிக்கு வாங்க வேண்டும். கெட்டியாக்கச் சேர்க்கும் பிசின்களும், குவார் கம், கேரஜீனன் மாதிரி, சில பூனைகளுக்கு மலத்தை இளக்கும். ஒரே புரதமுள்ள இரண்டு டின்களில் ஒன்று ஒத்துப்போய் இன்னொன்று ஒத்துப்போகவில்லை என்றால் இதைக் கவனியுங்கள்.

“உலர் தீனி நல்லதா, டின் நல்லதா?”

முழு உணவாக இருந்தால் இரண்டும் நல்லதுதான். டின்னில் முக்கால் பங்குக்குமேல் தண்ணீர், உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான். கழிச்சலில் நீர் இழக்கும் பூனைக்கும், மலச்சிக்கல் பூனைக்கும், சிறுநீரகம் தளரத் தொடங்கிய பூனைக்கும் ஈரத் தீனி கை கொடுக்கும். 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 200 கலோரி தேவை. இரண்டையும் கலந்து கொடுக்கும்போது கூட்டிப் பார்க்க மறந்துவிடுகிறோம், தொப்பை அங்கிருந்துதான் வருகிறது.

நம்மூர் வெப்பத்தையும் புழுக்கத்தையும் கணக்கில் எடுங்கள். திறந்த ஈரத் தீனியை அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள். மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள், கொடுக்கும்போது கிண்ணத்தை வெந்நீரில் வைத்துக் குளிர்ச்சி போனபிறகு கொடுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து ஜில்லென்று தின்று உடனே கக்கும் பூனைகள் உண்டு. உலர் தீனியைப் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், காலாவதித் தேதியும் தொகுதி எண்ணும் பாக்கெட்டில்தானே இருக்கிறது. மலிவு என்று பெரிய மூட்டை வாங்கினால் பாதியில் சிக்கு வாடை அடிக்கும். ஒரு மாதத்தில் முடிகிற அளவே போதும். எறும்புக்குப் பழைய வைத்தியம்தான், கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் வையுங்கள்.

“கடைத் தீனியே வேணாம், வீட்ல சோறும் கோழியும் வேகவெச்சுப் போடறேன்”

உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வெந்த கோழி நெஞ்சுக்கறியும் துளி குழைந்த சோறும் இரண்டு மூன்று நாள் சமாளிக்க உதவும். அதையே வாழ்நாள் சாப்பாடாக்கினால் கால்சியம் போதாது, டாரின் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனைக்கு இதயத் தசை தளரும், கண் பார்வையும் போகும். வீட்டுச் சமையல்தான் என்று முடிவெடுத்தால் விலங்குகளுக்கான சத்துணவு நிபுணரிடம் அளவு எழுதி வாங்கிச் செய்யுங்கள். பச்சை இறைச்சியை நான் யாருக்கும் சொல்வதில்லை. சால்மொனெல்லா கிருமி ஒரு பக்கம், 2024 கடைசியில் அமெரிக்காவில் பச்சை இறைச்சித் தீனி வழியாகப் பூனைக்குப் பறவைக் காய்ச்சலே வந்திருக்கிறது.

குழம்பில் கிடந்த மீனைக் கழுவிக் கொடுப்பது இன்னொரு பழக்கம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், வதக்கினாலும் வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது, கழுவினாலும் மீனுக்குள் ஊறியது போகாது. நெத்திலிக் கருவாடும் அப்படித்தான், உப்பு மூட்டை.

“நாங்க சுத்த சைவம். பூனைக்கும் சைவத் தீனியே போடலாமா?”

முடியாது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று புரிகிறது, ஆனால் பூனையின் உடம்பு அப்படி. டாரின் மட்டுமில்லை, கேரட்டிலிருந்து விட்டமின் ஏ-யைத் தயாரித்துக்கொள்ளக்கூட அதன் உடம்புக்குத் தெரியாது, இறைச்சியிலிருந்து நேராகத்தான் கிடைக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சைவ வீடுகளில் பூனைக்கென்று தனிக் கரண்டி, தனித் தட்டு, சமையலறைக்கு வெளியே ஓர் இடம் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். டின் வாடை பிடிக்காதவர்களுக்கு உலர் தீனி தோதாக இருக்கும்.

“ஹைப்போஅலர்ஜெனிக் தீனி ரெண்டு வாரமா போடறேன், விலை கொள்ளை விலை, ஒண்ணும் பலிக்கல”

முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். ஒன்று, பூனை இதுவரை தின்றே இராத இறைச்சி, முயல், வாத்து, மான் மாதிரி. மற்றது, புரதத்தை உடம்பு அடையாளம் காண முடியாத அளவுக்குச் சின்னச் சின்னத் துணுக்குகளாக உடைத்துத் தயாரித்தது. ஹில்ஸ், ராயல் கேனின் போன்றவர்கள் மருத்துவர் வழியாக விற்பவற்றில் இந்த இரண்டாவது வகையும் உண்டு. கடையில் “சென்சிட்டிவ்” என்று எழுதி விற்பதெல்லாம் இந்த இரண்டில் சேராது, எளிதில் செரிக்கும் தீனி என்று மட்டும்தான் அதற்குப் பொருள்.

வயிற்றுத் தொல்லை மட்டும் என்றால் பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் மாற்றம் தெரியும். அரிப்பு, முடி கொட்டுதல் சேர்ந்திருந்தால் 8 வாரம் பொறுக்க வேண்டும். அந்தக் காலம் முழுக்க வேறு ஒரு துணுக்குகூட உள்ளே போகக்கூடாது, இங்கேதான் நம் வீடுகளில் கோட்டை விடுகிறோம். நீங்கள் 300 வெள்ளிக்குத் தீனி வாங்கி வைப்பீர்கள், பாட்டி சோற்றோடு ஒரு துண்டு மீனைப் பாசத்தோடு நீட்டுவார், பையன் குழைவுத் தீனிக் குச்சியைப் பிழிந்துகொடுத்து வீடியோ எடுப்பான், பூச்சி மாத்திரையில் மாட்டிறைச்சிச் சுவை சேர்த்திருப்பார்கள். பாட்டியைத் திட்டிப் பயனில்லை. அவர் கையில் அந்தத் தீனியிலேயே பத்து உருண்டையை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்து “இது உங்க பங்கு பாட்டி” என்று சொல்லிவிடுங்கள், அவருக்குக் கொடுத்த திருப்தி, பூனைக்கும் கெடுதலில்லை.

குணமானபின் ஒரு படி மிச்சமிருக்கிறது. பழைய தீனியைத் திரும்பக் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பது. மறுபடி கழிந்தால்தான் அது ஒவ்வாமை என்று உறுதி. மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

“ரெண்டு பூனை இருக்கு, ஒண்ணுக்குத்தான் வயிறு சரியில்ல. எப்படிப் பிரிச்சுப் போடறது?”

வேளை வைத்து, கதவைச் சாத்தி, இருபது நிமிஷத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கிண்ணம் நிறைந்திருக்கும் வீட்டில் பிரிக்கவே முடியாது. மைக்ரோசிப்பைப் படித்து அந்தப் பூனைக்கு மட்டும் திறக்கும் கிண்ணமும் விற்கிறது. சுலபமான இன்னொரு வழி, நல்ல பூனையும் அதே தீனியைத் தின்னலாமா என்று மருத்துவரைக் கேட்பது.

“வீட்டை விட்டு வெளியவே போகாது, ஆனா பல்லி பிடிச்சுத் தின்னும். அதனால கழியுமா?”

இந்தக் கேள்விக்கு இங்கே தனி மரியாதை கொடுக்க வேண்டும். பல்லி வழியாகப் பூனையின் பித்தக்குழாய்க்குப் போய்ச் சேரும் தட்டைப்புழு ஒன்று வெப்பமண்டல நாடுகளில் உண்டு. பல பூனைகளுக்கு ஒன்றும் தெரியாது. புழு பெருகினால் வாந்தி, பசியின்மை, இளைப்பு, கண்வெள்ளையும் காதுமடலும் மஞ்சளாவது என்று போகும். எத்தனை தீனி மாற்றினாலும் தீராது, வழக்கமான பூச்சி மாத்திரையின் அளவும் இதற்குப் போதாது. “என் பூனை பல்லி தின்னும்” என்று மருத்துவரிடம் நீங்களாகச் சொல்லுங்கள், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனை என்றால் அவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம்.

“மணல் பெட்டில உக்காந்து முக்கிக்கிட்டே இருக்கு. மலச்சிக்கலுக்குப் பூசணிக்காய் நல்லதாமே?”

பொறுங்கள். ஆண் பூனையா? சிறுநீர் போகிறதா? சிறுநீர்க்குழாய் அடைத்த ஆண் பூனையும் அச்சு அசல் மலச்சிக்கல் மாதிரியே முக்கும். மணலில் ஈரக்கட்டி விழவில்லை என்றால் பூசணிக்காயைத் தேடாதீர்கள், உடனே மருத்துவமனை. ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

சிறுநீர் தாராளமாகப் போகிறது, மலம்தான் வறண்ட உருண்டையாக இருக்கிறது என்றால் ஈரத் தீனி, கூடுதல் தண்ணீர், வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி ஒரு தேக்கரண்டி. இசப்கோல் உமியும் உதவும், ஆனால் நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்துத் தீனியில் கலக்க வேண்டும், அளவை மருத்துவரிடம் கேளுங்கள். மூன்று நாள் மலமே இல்லை என்றால் கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

“நாம போடற மாத்திரைல கால்வாசி உடைச்சுக் குடுத்தா?”

கூடாது. பனடால் ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும். கழிச்சல் மாத்திரை, வயிற்றுவலி மருந்து, ஆஸ்பிரின் வகை எதுவும் வேண்டாம்.

“நல்லாத்தான் தின்னுது, முன்னவிட அதிகமாவே தின்னுது, ஆனா இளைச்சுக்கிட்டே போகுது. எந்தத் தீனி போட்டா சதை பிடிக்கும்?”

எந்தத் தீனியும் இல்லை. நடுவயதைத் தாண்டும் பூனை நன்றாகத் தின்றும் இளைத்தால் தைராய்டு மிகுதி, நீரிழிவு, நாள்பட்ட குடல் அழற்சி, குடலில் மெதுவாக வளரும் ஒரு வகை லிம்ஃபோமா புற்று, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ரத்தப் பரிசோதனையில் தைராய்டையும் விட்டமின் பி12 அளவையும் சேர்க்கச் சொல்லுங்கள். குடல் கெட்ட பூனைக்கு பி12 உறிஞ்சப்படாமல் போகும், அது குறைந்திருக்கும்வரை மிக நல்ல தீனி போட்டாலும் தேறாது. ஊசியாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள்.

இளைப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். பூனையைத் தூக்கிக்கொண்டு எடைமானியில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறிக் கழித்துப் பாருங்கள், மாதம் ஒரு முறை, அதே காலண்டரில். 5 கிலோ பூனை அரை கிலோ குறைந்தால் பத்து சதவீதம் போயிற்று, 60 கிலோ ஆள் 6 கிலோ இளைத்த மாதிரி.

“டாக்டர் ஸ்டெராய்டு ஆரம்பிக்கலாங்கறாரு. தீனியிலேயே சமாளிக்க முடியாதா?”

பல பூனைகளுக்கு முடியும். அதனால்தான் மருந்துக்கு முன் தீனிச் சோதனையை முறையாக முடிக்கச் சொல்வார்கள். மேலே பாட்டி டப்பா விஷயத்தில் சொன்ன அந்த ஒழுங்கோடு நீங்கள் செய்து முடித்தீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள், ஓட்டையாகச் செய்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி இன்னொரு வாய்ப்புக் கேளுங்கள். முறையாகச் செய்தும் பலனில்லை, எடையும் குறைகிறது என்றால் மருந்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் குடலிலிருந்து திசு எடுத்துப் பார்ப்பார்கள். பிரெட்னிசலோன் என்ற ஸ்டெராய்டு குண்டுப் பூனைக்கு நீரிழிவைக் கொண்டுவரக்கூடும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆரம்பித்தபின் தேறிவிட்டது என்று நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள்.

“வீவக வீட்ல வளக்கறோம், லைசென்ஸ் எடுக்கல. கிளினிக் போனா மாட்டிக்குவோமோன்னு பயம்”

பழைய பயம் இது. 2024 செப்டம்பர் 1 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இரண்டு பூனை வரை வளர்க்க அனுமதி உண்டு. மைக்ரோசிப் போட்டு, தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு மருத்துவப் பிரிவில் உரிமம் எடுக்க வேண்டும், ஓர் இலவச இணையப் பாடமும் உண்டு. சன்னலுக்கு வலை அடிப்பதும் சேர்த்தி. உரிமத்துக்குப் பயந்து கழிச்சல் பூனையை வீட்டிலேயே வைத்திருப்பது நியாயமில்லை. சிப் போடவும் கிளினிக்குக்குத்தானே போக வேண்டும், இரண்டு வேலையையும் ஒரே நடையில் முடித்துவிடுங்கள்.

“டிசம்பர்ல ஊருக்குப் போறோம், பூனையைப் பாத்துக்க ஆள் வருவாங்க. தீனி விஷயத்துல என்ன சொல்லிட்டுப் போறது?”

பயணத்துக்கு முந்தைய இரண்டு வாரம் எந்தத் தீனி மாற்றமும் வேண்டாம். நீங்கள் இல்லாத மனக்கலக்கத்திலேயே சில பூனைகளுக்குக் கழியும், அதோடு புதுத் தீனியும் சேர்ந்தால் வந்தவர் திண்டாடிப்போவார். ஒவ்வொரு வேளையையும் அளந்து தனித்தனி டப்பாவில் போட்டுத் தேதி எழுதிவிடுங்கள். “கொடுக்கக்கூடாதவை” என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்கத் தின்னவில்லை என்றால் உங்களைக் கேட்காமலே மருத்துவரிடம் போகலாம் என்பதையும், எந்தக் கிளினிக், எவ்வளவு செலவு வரை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். நீங்கள் விமானத்தில் இருக்கும்போது கேட்க ஆள் இருக்காது.

“இப்ப நல்லாயிடுச்சு. காலம் முழுக்க இதே ஒரு தீனிதானா?”

ஒத்துப்போவது கிடைத்துவிட்டால் அதையே போடுவதில் தப்பில்லை, அது முழு உணவாக இருக்கும்வரை. தினம் ஒரு ருசி வேண்டும் என்பது நம் ஆசை, பூனை அப்படிக் கேட்கவில்லை. ஆனால் சிங்கப்பூரில் தீனி பெரும்பாலும் இறக்குமதிதான், திடீரென்று உங்கள் பிராண்டு கடையில் இல்லாமல் போகும். அதனால் வயிறு நன்றாக இருக்கும் காலத்திலேயே, முன்னால் சொன்ன அதே நிதானத்தில், இரண்டாவதாக ஒரு தீனியைப் பழக்கி வைத்துக்கொள்ளுங்கள், வாரத்தில் ஒரு வேளையாவது அது உள்ளே போகட்டும். கையிருப்பு இரண்டு வாரத்துக்குக் கீழே போகும்போது அடுத்த பாக்கெட்டை வாங்கிவிடுங்கள், கலந்து மாற்றுவதற்குப் பழைய தீனி கையில் இருந்தால்தானே முடியும்.